துணிவைப் பற்றிக் கூடிக் கதைக்க: புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில் எட்டுப் பத்துப் பேர் கூடிக் கதைக்கிறோம். நான்கு வருடமாகிறது. இந்த வருடம் "துணிவு என்றால் என்ன?" என்ற ஒரே கேள்வியோடு ஐந்து மாதம் இருந்தோம். அதைக் கேள்விப்பட்டு மானிப்பாயிலிருந்து ஒரு ரீச்சரும் பருத்தித்துறையிலிருந்து இரண்டு பெடியளும் வந்து, தங்கள் ஊரிலும் இப்படிக் கூட வேண்டும், எப்படித் தொடங்குவது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் கூட்டம் என்றால் மங்கல விளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, சிறப்புரை என்று ஓர் ஒழுங்கு இருக்கிறது. பட்டிமன்றம் என்றால் இரண்டு அணி, ஒரு நடுவர், ஒரு தீர்ப்பு. இவற்றைக் கேட்டு வளர்ந்தவள் நான், இரண்டும் எனக்குப் பிடிக்கும். ஆனால் பட்டிமன்றத்தில் ஏறியவர் தன் அணியை விட்டுக்கொடுக்க முடியாது. நான் சொல்லும் வட்டத்தில் ஒருவர் கதைத்துக்கொண்டிருக்கும்போதே "நான் முதலில் சொன்னது பிழை, இப்ப வேறு மாதிரித் தெரிகிறது" என்று மாறலாம். அப்படி மாறுவதற்கு இடம் கொடுப்பதற்காகவே கூடுகிறோம்.

முறை பழையதுதான். ஜேர்மனியில் லெனார்ட் நெல்சன் என்ற மெய்யியலாளர் 1922இல் பழைய கிரேக்க மெய்யியலாளர் சோக்கிரதரின் வழியில், அதாவது கேள்வி கேட்டுக் கேட்டு, மெய்யியல் கற்பிப்பது பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அவருடைய மாணவர் குஸ்தாவ் ஹெக்மன் அதைச் சிறு குழுக்களுக்கு ஏற்றபடி வளர்த்தெடுத்தார். அந்த வழியில் பேச்சு புத்தகத்திலிருந்து தொடங்காது. வந்திருப்பவர்களில் ஒருவருக்கு நடந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்கும். 1992இல் பாரிஸில் மார்க் சோத்தே என்பவர் ஒரு கோப்பிக்கடையில் மெய்யியல் உரையாடலை ஆரம்பித்தார். படித்தவர், படிக்காதவர் என்று பாராமல் யாரும் வந்து உட்காரலாம். இந்த இரண்டையும் சேர்த்துத்தான் நாங்கள் எங்கள் வட்டத்தை அமைத்தோம்.

யாரைக் கூப்பிடுவது

ஆறு பேருக்குக் குறைந்தால் ஒருவர் வராத நாளில் பேச்சு படுத்துவிடும். பத்துக்கு மேலே போனால் இரண்டு மூன்று பேர் வாயே திறக்காமல் வீட்டுக்குப் போவார்கள். எட்டு நல்ல எண். பெண்கள் பாதிப் பேராவது இருக்க வேண்டும். ஒரு பெண் மட்டும் இருந்தால், அவர் சொல்வதெல்லாம் "பெண்களின் கருத்து" ஆகிவிடும். அது அவருக்கும் பாரம், மற்றவர்களுக்கும் நட்டம்.

வயது கலந்து இருக்கட்டும். ஆனால் ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் வந்து உட்கார்ந்தால் இருபது வயதுப் பிள்ளைகள் தலையாட்டத் தொடங்கிவிடுவார்கள். சிலர் இதற்கு மருந்தாக எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள். ஐயா, அக்கா, தம்பி என்று கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு அது வராது, வந்தாலும் பிள்ளைகள் இன்னும் கூசுவார்கள். அதற்குப் பதிலாக ஒரே ஒரு ஒழுங்கு வையுங்கள்: ஒவ்வொரு சுற்றிலும் வயதில் குறைந்தவர் முதலில் கதைப்பார், மூத்தவர் கடைசியில். மூத்தவர்கள் இதை மறுத்ததே இல்லை. கடைசிச் சொல் தங்களுடையது என்பது அவர்களுக்கும் நிறைவாக இருக்கிறது.

தகப்பனையும் மகனையும், புருஷனையும் மனுசியையும் முதல் தடவையே ஒரே வட்டத்தில் இருத்தாதீர்கள். தகப்பன் முன்னால் மகன் தன் பயத்தைச் சொல்லமாட்டான்.

இடமும் நேரமும்

விறாந்தை நல்லது. சனசமூக நிலையம் அதைவிட நல்லது, அங்கே யாரும் யாருடைய விருந்தாளியும் இல்லை. நிர்வாகத்திடம் முன்கூட்டியே கேட்டு, பேப்பர் வாசிக்க வருகிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாத நேரத்தை எடுங்கள். பழைய பூங்காவின் மரநிழலிலும் ஒருமுறை இருந்து பார்த்தோம், எட்டுப் பேர் என்றால் ஒருவர் சொல்வது ஒருவருக்குக் கேட்கும். பண்ணைக் கடற்கரை நடக்க அருமையான இடம், ஆனால் காற்று சொல்லைப் பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

கோயில் மடத்தைப் பலர் முதலில் நினைப்பார்கள். அதற்கு முன் ஒன்றை யோசியுங்கள். 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், சாதியின் பேரால் தடுக்கப்பட்டு, உள்ளே விடும்படி கேட்டு நின்றவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்கள் வட்டத்துக்கு வரக்கூடியவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி உள்ளே வர முடிகிற இடம் எது என்பதை ஊர்க்காரராகிய உங்களுக்குத்தான் தெரியும். கதிரைகளும் அப்படித்தான். எல்லாம் ஒரே உயரமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் எல்லாரும் பாயில் இருங்கள். 1920களின் கடைசியில் யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் கிடைப்பதற்கே ஒரு போராட்டம் நடந்தது. யார் கதிரையில், யார் வாங்கில், யார் கீழே என்பது இங்கே வெறும் வசதி பற்றிய விஷயமாக இருந்ததே இல்லை.

பின்னேரம் நான்கு மணி முதல் ஆறு மணி வரை. ஆறரைக்கு இருட்டும், பஸ்ஸும் குறையும், தூரத்திலிருந்து வரும் பெண்கள் ஐந்தரைக்கே மணி பார்க்கத் தொடங்குவார்கள். நல்லூர்த் திருவிழாவின் இருபத்தைந்து நாளும் கூட்டம் வைக்காதீர்கள். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18ஐ அண்டிய நாட்களிலும் நவம்பர் கடைசி வாரத்திலும் இந்தத் தலைப்பை எடுக்காதீர்கள். அந்த நாட்களில் சனம் வேறொரு மனநிலையில் இருக்கும். ஆராய்வதற்கு உரிய நாட்கள் அவையல்ல. மாரியில் தகரக் கூரையின் கீழே கூட்டம் வைத்தால் மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்காது என்பதையும் ஞாபகம் வைத்திருங்கள்.

முதல் நாள் கேள்வி

"துணிவு என்றால் என்ன?" என்று முதல் நாளே கேட்டால் எல்லாரும் மேடைக்குப் போய்விடுவார்கள். வீரம், மானம், மறத் தமிழர் என்று அழகான வசனங்கள் வரும், அரை மணித்தியாலத்தில் எல்லாம் முடிந்துவிடும். எங்களுக்கு முதல் கூட்டத்தில் நடந்தது அதுதான்.

இரண்டாவது கூட்டத்துக்குக் கேள்வியை மாற்றினோம்: "பயந்து பயந்து நீங்கள் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள்." இதை இரண்டு கிழமைக்கு முன்பே வட்ஸ்அப்பிலோ நேரிலோ சொல்லிவிட வேண்டும். சனம் யோசித்துக்கொண்டு வரட்டும். கதைக்கு நான்கு நிபந்தனை வைத்தோம். சொல்கிறவருக்கு நடந்ததாக இருக்க வேண்டும், அப்புவுக்கு நடந்தது, பேப்பரில் வாசித்தது வேண்டாம். ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய சின்னக் கதையாக இருக்க வேண்டும். நடந்து முடிந்ததாக இருக்க வேண்டும். மற்றவர்கள் குறுக்கே கேள்வி கேட்டால் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

அன்றைக்கு வந்த கதைகள் இன்னும் என் மனதில் நிற்கின்றன. உயர்தரத்தில் உயிரியல் படித்த ஒரு தம்பி, "எனக்கு மருத்துவம் வேண்டாம்" என்று தகப்பனிடம் சொன்ன இரவு. குருநகரைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளி, படகு கவிழ்ந்து உயிர் தப்பிய பிறகு திரும்பக் கடலுக்குப் போன முதல் நாள். பஸ்ஸில் தன் மேல் உரசிக்கொண்டு நின்ற ஒருவனை, பஸ் முழுக்கக் கேட்கும்படி "தள்ளி நில்லுங்கோ" என்று சொன்ன ஒரு பிள்ளை. வேலை செய்த இடத்தில் பொய்க் கணக்கில் கையெழுத்து வைக்க மறுத்த ஒருவர்.

எல்லாக் கதையையும் கேட்டபின் ஒன்றை மட்டும் எடுங்கள். பெரிய கதையை எடுக்க வேண்டுமென்றில்லை. எல்லாருக்கும் "அந்த இடத்தில் நான் நின்றிருந்தால்" என்று நினைத்துப் பார்க்க முடிகிற கதையை எடுங்கள்.

ஒரு கதையோடு இரண்டு மணித்தியாலம்

நாங்கள் எடுத்த கதையை, சொன்னவரின் சம்மதத்தோடும் அடையாளம் தெரியாதபடியும் எழுதுகிறேன். வேலை எப்படி நடக்கிறது என்பது அதில்தான் விளங்கும்.

ஓர் அக்கா. புருஷன் இறந்து பன்னிரண்டு வருடம். மகளுக்குக் கலியாணம் வந்தது. மாப்பிள்ளையை வரவேற்று ஆலாத்தி எடுக்க, வழக்கப்படி இரண்டு சுமங்கலிகளை ஒழுங்கு பண்ணியிருந்தார்கள். மகள், "அம்மா எடுக்க வேணும்" என்றாள். அக்கா நிறச் சேலை உடுத்து, பொட்டு வைத்து, தட்டைக் கையில் எடுத்து முன்னுக்கு வந்தார். கை நடுங்கியதில் வாழைப்பழத் துண்டில் எரிந்த திரி ஒன்று அணைந்துவிட்டது. யாரோ பின்னாலிருந்து "அபசகுனம்" என்றார்கள். அவர் திரியைத் திரும்பக் கொளுத்தி, ஆலாத்தியை எடுத்து முடித்தார்.

முதல் கால் மணித்தியாலம் நடந்ததைப் பற்றி மட்டும் கேளுங்கள். யார் எங்கே நின்றார்கள், எத்தனை மணி, கையில் என்ன இருந்தது, யார் முகத்தைப் பார்த்தீர்கள். "ஏன் அப்படிச் செய்தீர்கள்" என்ற கேள்வி இந்த நேரத்தில் வரக்கூடாது. "ஏன்" என்று கேட்டவுடன் சொல்கிறவர் தன்னை நியாயப்படுத்தத் தொடங்கிவிடுவார்.

அடுத்தது, இந்தக் கதையில் துணிவு எந்தக் கணத்தில் இருந்தது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். கதையின் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். எங்களில் ஒருவர், தட்டை எடுத்த கணம் என்றார். ஒருவர், கண்ணாடிக்கு முன் பொட்டு வைத்த கணம் என்றார். கடற்றொழிலாளி ஐயா, "திரி அணைஞ்ச பிறகு திரும்பக் கொளுத்தினதுதான்" என்றார். மகள் கேட்டாளே அதுவும் துணிவுதான் என்றாள் பஸ்ஸில் குரல் எழுப்பிய பிள்ளை. கடைசியாக அந்த அக்கா சொன்னதை நாங்கள் எவரும் எதிர்பார்க்கவில்லை. கலியாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், கடையில் சேலை எடுக்கும்போது விற்கிற பிள்ளை வெளிர் நிறச் சேலைகளை விரித்ததாம். இவர் மேல் தட்டில் இருந்த அரக்குச் சிவப்பைக் கையால் காட்டினாராம். "அதிலைதான் எனக்கு நெஞ்சு இடிச்சது. மிச்சமெல்லாம் பிறகு தானா நடந்தது."

மூன்றாவது வேலை, வசனம் எழுதுவது. ஒரு பெரிய டிமைத்தாளைச் சுவரில் ஒட்டி, மார்க்கர் பேனையால் "துணிவு என்பது..." என்று தொடங்கி ஆளுக்கொரு வசனம் எழுதுங்கள். எழுதிய வசனத்தைக் கதையில் உரசிப் பாருங்கள். எங்கள் தாளில் முதலில் இருந்தது "துணிவு என்பது பயம் இல்லாமை." அக்காவின் கை நடுங்கியது, ஆகவே அதை வெட்டினோம். அடுத்தது "பயம் இருக்கும்போதே செய்வது." உயிரியல் படித்த தம்பி கேட்டான்: "கள்ளனும் பயந்து பயந்துதானே மதில் ஏறுகிறான்?" வெட்டினோம். "நல்ல காரியத்துக்காகப் பயத்தை மீறுவது" என்று வந்தது. எது நல்லது என்று யார் சொல்வது? மண்டபத்தில் பாதிப் பேருக்கு அக்கா செய்தது நல்ல காரியமாகத் தெரியவில்லையே. "எதை இழக்கக்கூடும் என்று தெரிந்துகொண்டு, சரியென்று தான் நம்புவதைச் செய்வது" என்று எழுதினோம். எல்லாருக்கும் பிடித்திருந்தது. அப்போது மூத்தவர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்: "நம்பினால் போதுமா பிள்ளையள்? சரியெண்டு நம்பிப் பிழை செய்த ஆக்களும் இருக்கினம்தானே." அந்த வசனத்தை நாங்கள் வெட்டவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டோம். ஐந்து மாதமாகியும் அந்தக் கேள்விக்குறி அப்படியே இருக்கிறது.

வெட்டிய வசனங்களைக் கிழித்து எறியாதீர்கள். அடுத்த கூட்டத்துக்குத் தாளைச் சுருட்டி வைத்துக் கொண்டுவாருங்கள். புதிதாக வருகிறவருக்கு, எங்கே தொடங்கி எங்கே நிற்கிறோம் என்பதை அதைவிட நன்றாக யாரும் சொல்ல முடியாது.

சொற்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பது

மூன்றாவது கூட்டத்தைச் சொற்களுக்குக் கொடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த கூட்டம் இது. செலவும் இல்லை, ஆயத்தமும் இல்லை.

தமிழில் இதற்கு எத்தனை சொல் இருக்கிறது என்று பாருங்கள்: வீரம், துணிவு, தைரியம், மறம், அஞ்சாமை, நெஞ்சுரம், மனத்திடம். எங்கள் ஊரில் இன்னொன்றும் இருக்கிறது, ஓர்மம், விடாத மனவுறுதி. மறுபக்கத்தில் வீம்பு, சண்டித்தனம், முரட்டுத்தனம். ஒவ்வொன்றையும் ஒரு துண்டில் எழுதி நடுவில் போடுங்கள். பிறகு ஒரு வசனத்தில் இடைவெளி விட்டு, அதற்குள் எந்தச் சொல் போகும் என்று பாருங்கள்.

"புருஷன் போன பிறகு மூன்று பிள்ளையளையும் ______ வளர்த்தவள்." இங்கே "ஓர்மமாய்" என்பது அப்படியே பொருந்தும். "வீரமாய்" என்று போட்டால் காது ஏற்காது. ஏன் ஏற்காது என்று கேட்டால் அரை மணித்தியாலப் பேச்சு கிடைக்கும். வீரத்துக்கு எதிரி வேண்டும், பார்க்க ஆள் வேண்டும் என்றார் ஒருவர். ஓர்மம் யாரும் பார்க்காமலே வருடக்கணக்கில் இருக்கும் என்றார் இன்னொருவர். "அவன் தகப்பனிட்டை ______ சொல்லிப்போட்டான்" என்றால் "துணிஞ்சு" வருகிறது. துணிதல் என்ற சொல்லுக்கு வெட்டுப்படுதல் என்றும் முடிவெடுத்தல் என்றும் பொருள் உண்டு. "எண்ணித் துணிக கருமம்" என்பதில் இருப்பது அந்த முடிவெடுத்தல்தான். அரக்குச் சிவப்புச் சேலையை அக்கா கையால் காட்டிய கணத்தை நாங்கள் இந்த இடத்தில் திரும்ப நினைத்தோம். அது துணிந்த கணம். பன்னிரண்டு வருடம் பிள்ளையை வளர்த்தது ஓர்மம். ஒரே ஆள், இரண்டு வேறு குணங்கள்.

பயத்தின் பக்கத்துச் சொற்களையும் விடாதீர்கள். பயம், வெருட்சி, கூச்சம், வெட்கம், தயக்கம். எங்கள் வட்டத்தில் வந்த கதைகளில் பெரும்பாலானவற்றில் ஆட்கள் பயந்தது உயிருக்கு அல்ல. "ஊர் என்ன சொல்லும்" என்ற ஒன்றுக்குத்தான். இதை நான் முதலே ஊகித்திருந்தேன். ஆனால் இவ்வளவு இருக்கும் என்று நினைக்கவில்லை.

நூல்கள் எப்போது வரலாம்

நூல்களை நான்காவது கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவராதீர்கள். நூல் முதலே வந்தால் படித்தவர்கள் விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள், மற்றவர்கள் கேட்கத் தொடங்குவார்கள். சொந்தக் கதைகளில் ஊறிய பிறகு வந்தால், எல்லாரும் நூலோடு வாதாடுவார்கள்.

குறளில் மூன்றை எடுத்தோம். "அஞ்சுவது அஞ்சாமை பேதைமை" என்று தொடங்கும் 428ஆவது குறள், பயப்பட வேண்டியதற்குப் பயப்படுவது அறிவுடையவர் தொழில் என்கிறது. கடல் அடிக்கிற நாளில் படகை இறக்காத கடற்றொழிலாளி கோழையா என்ற கேள்விக்கு இது நேராக வந்து சேர்ந்தது. அவையஞ்சாமை அதிகாரத்தில் வரும் 723ஆவது குறள், "பகையகத்துச் சாவார் எளியர் அரியர் அவையகத்து அஞ்சா தவர்." போர்க்களத்தில் சாகத் துணிகிறவர் பலர், அவையில் அஞ்சாமல் பேசுகிறவர் சிலர். இதை வாசித்ததும் எங்கள் விறாந்தை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. மூன்றாவது, "மறத்திற்கும் அஃதே துணை" என்று முடியும் 76ஆவது குறள். மறம் என்பதை வீரம் என்று கொண்டால், வீரத்துக்கும் அன்புதான் துணை என்று வரும். பகை, தீமை என்று கொண்டால் அதை நீக்க அன்புதான் துணை என்று வரும். இரண்டு பொருளும் உரைகளில் உண்டு. இரண்டையும் வைத்து, அக்காவின் கதையில் அன்பு எங்கே இருந்தது என்று பாருங்கள்.

பிளேட்டோ ஏறத்தாழ 2400 வருடத்துக்கு முன் எழுதிய ஓர் உரையாடலில் சோக்கிரதர் இரண்டு படைத்தலைவர்களிடம் இதே கேள்வியைக் கேட்கிறார். ஒருவர், நின்ற இடத்தை விட்டு ஓடாமல் எதிரியோடு போரிடுவதே துணிவு என்கிறார். அப்படியானால் பின்வாங்கிப் பின்வாங்கிப் போரிடுகிறவர்கள், கடலில், நோயில், வறுமையில் தாங்கி நிற்கிறவர்கள் எல்லாம் யார் என்று சோக்கிரதர் கேட்கிறார். கடைசியில் விடை கிடைக்காமலே அந்தப் பேச்சு முடிகிறது. உங்கள் கூட்டமும் விடையில்லாமல் முடிந்தால் மனம் சோராதீர்கள்.

போர் உள்ளே வரும்போது

எங்கள் மண்ணில் துணிவைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் போர் வரும். வரத்தான் வேண்டும். வராமல் தடுத்தால் சனம் வாயால் ஒன்றும் மனதால் ஒன்றும் கதைத்துக்கொண்டிருக்கும். ஆனால் அதற்குச் சில ஒழுங்குகளை முதலிலேயே சொல்லி வையுங்கள்.

"நீங்கள் இயக்கத்தில் இருந்தீர்களா?" என்று யாரும் யாரையும் கேட்கக்கூடாது. தானாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். படம் எடுக்க வேண்டாம், ஒலிப்பதிவு வேண்டாம், முகநூலில் போட வேண்டாம், வந்தவர்களின் பட்டியல் வைத்திருக்க வேண்டாம். விறாந்தையில் கேட்டது விறாந்தையில் இருக்கட்டும்.

முன்னர் "நடந்து முடிந்த கதை" என்று ஒரு நிபந்தனை சொன்னேன். நெல்சன், ஹெக்மன் வழியில் வந்த அந்த நிபந்தனை, சொல்கிறவர் இன்னும் அந்த அனுபவத்துக்குள்ளேயே நிற்கக்கூடாது என்பதற்காக வைத்தது. காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையைத் தேடுகிற ஒரு தாய்க்கு எது முடிந்தது? 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரம் வந்து உட்கார்ந்த தாய்மாருக்கு எது முடிந்தது? எங்கள் வட்டத்துக்கு அப்படி ஓர் அம்மா வந்தார். நிபந்தனையைக் காட்டி அவரை நிறுத்த என்னால் முடியவில்லை, நிறுத்தியிருந்தால் அது பெரிய பிழையாக இருந்திருக்கும். நாங்கள் செய்தது இதுதான்: அவர் சொல்லச் சொல்லக் கேட்டோம். அந்தக் கதையை எடுத்து உரசவில்லை, வசனம் எழுதவில்லை, யாரும் விளக்கம் சொல்லவில்லை. முடிந்த கதைகளை ஆராய்வது, முடியாத கதைகளைக் கேட்பது. இந்த இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பொதுவில் எல்லாருக்கும் தெரிந்த சம்பவங்களும் வரும். 1987 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் இந்தியப் படையினர் சுட்டபோது, குழந்தை வைத்தியர் சிவபாதசுந்தரம் கைகளை உயர்த்திக்கொண்டு, தாங்கள் வைத்தியர்கள் என்று சொல்லியபடி முன்னே வந்து சுடப்பட்டார். பல்கலைக்கழக மருத்துவ பீடத்தில் உடற்கூற்றியல் கற்பித்த ரஜனி திராணகம, எல்லாத் தரப்பின் வன்முறைகளையும் பதிவு செய்தவர், 1989 செப்ரெம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டார். இவர்களைப் பற்றிக் கதைக்கும்போது பேச்சு சட்டென்று "யார் செய்தது, யார் பக்கம் நியாயம்" என்று போகும். அது கேட்க வேண்டிய கேள்வி, அதற்கு வேறொரு நாள் வையுங்கள். இன்றைக்கு, "அவருக்குத் தெரிந்திருந்தது என்ன? அவர் செய்தது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.

போனவர்கள், இருந்தவர்கள் என்ற வாதமும் வரும். 1995 ஒக்ரோபர் 30 இரவு மழையில் யாழ்ப்பாணத்தை விட்டுச் செம்மணி வழியாக நடந்தவர்கள் ஒரு பக்கம், நடக்க முடியாத தாய் தகப்பனோடு வீட்டில் இருந்துவிட்டவர்கள் ஒரு பக்கம், கடல் கடந்தவர்கள் இன்னொரு பக்கம். ஓகஸ்டில் வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் இருந்தால் இந்தப் பேச்சு சுடும். அப்போது சோக்கிரதரின் கேள்வி கைகொடுக்கும், பின்வாங்குவதற்குள்ளும் துணிவு இருக்குமா என்று. யார் கூடப் பட்டார்கள் என்று அளக்கத் தொடங்கினால் நீங்கள் இடையில் புகுந்து நிறுத்துங்கள். வட்டத்தை நடத்துகிறவர் கண்டிப்பாக இருக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான்.

ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நான்காவது கூட்டத்தில், அவையஞ்சாமைக் குறளை வாசித்த பிறகு, ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் கதைத்தார். 1990 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது, தன்னோடு படிப்பித்த ஒருவர் குடும்பத்தோடு நடந்து போவதைப் படலைக்குள் நின்று பார்த்ததாகச் சொன்னார். "நான் ஒண்டும் சொல்லேல்லை. படலையைச் சாத்தினனான்." அவ்வளவுதான் சொன்னார். ஒரு பிள்ளை "அப்ப சொல்லியிருந்தால் உங்களையும்..." என்று தொடங்கினாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

இப்படி ஒன்று வந்தால் ஆறுதல் சொல்ல ஓடாதீர்கள். தீர்ப்பும் சொல்லாதீர்கள். அமைதியாக இருங்கள், ஒரு நிமிடம் நீண்ட நேரமாகத் தெரியும், பரவாயில்லை. அப்புறம் சொன்னவரிடமே கேளுங்கள், இதைப் பற்றி மேலே கதைக்க விரும்புகிறாரா என்று. அவர் விரும்பினார். "அண்டைக்கு ஒருத்தர் வாய் திறக்க என்ன வேண்டியிருந்திருக்கும்?" என்று அவரே கேட்டார். அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க அந்தக் கேள்வியோடு இருந்தோம். தனி ஒருவர் சொல்லியிருக்க முடியாது, ஒழுங்கையில் நான்கு வீடு சேர்ந்து படலைக்கு வெளியே வந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்தோம். துணிவை ஒருவருக்குள் மட்டும் தேடிக்கொண்டிருந்த நாங்கள், அதை அயலுக்குள்ளும் தேட வேண்டும் என்று அன்றைக்குத்தான் கண்டோம்.

யாராவது உடைந்து அழுதால் அது இயல்பு. தண்ணீர் கொடுங்கள், பக்கத்தில் இருங்கள். ஆனால் நீங்கள் வைத்தியர் இல்லை. கூட்டம் முடிந்தும் ஒருவர் நித்திரை இல்லாமல், சாப்பாடு இல்லாமல் இருக்கிறார் என்று தெரிந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையோ ஆஸ்பத்திரியின் உளநலப் பிரிவையோ நாடச் சொல்லுங்கள், முடிந்தால் கூடப் போங்கள்.

சில சின்ன விஷயங்கள்

ஒரே ஆள் கதைத்துக்கொண்டே இருந்தால், "ஐயா, நீங்கள் சொன்னதில் இந்த ஒரு வரியை எழுதிக்கொள்ளட்டுமா?" என்று எழுந்து தாளுக்குப் போங்கள். எழுதும்போது பேச்சு இயல்பாக நிற்கும். கதைக்காதவரை வற்புறுத்தாதீர்கள், மூன்று கூட்டம் கேட்டுவிட்டு நான்காவதில் கதைத்தவர்கள் எங்களிடம் இரண்டு பேர். தேத்தண்ணியை ஐந்து மணிக்குக் கொடுங்கள், முடிவில் கொடுத்தால் சனம் குடித்துவிட்டுப் போய்விடும். இடைவேளையில்தான் பலர் பக்கத்தில் இருப்பவரிடம் உண்மையைச் சொல்வார்கள், பிறகு அதையே வட்டத்திலும் சொல்வார்கள். நடத்துகிறவர் தன் கருத்தைச் சொல்லாமல் இருப்பது நல்லது. சொல்ல ஆசையாக இருந்தால் அடுத்த கூட்டத்தை வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வட்டத்தில் இருங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.

முடிக்கும் நேரம்

ஐந்தே முக்காலுக்குப் பேச்சை நிறுத்துங்கள். தொகுப்புரை வேண்டாம், நன்றியுரை வேண்டாம். ஒவ்வொருவரும் வீட்டுக்குக் கொண்டுபோகிற ஒரு கேள்வியை ஒரு வசனத்தில் சொல்லட்டும், மூத்தவர் கடைசியில். அதில் ஒன்றை அடுத்த மாதக் கேள்வியாக எடுங்கள். தாளைச் சுருட்டி வையுங்கள், கதிரைகளை எல்லாரும் சேர்ந்து அடுக்குங்கள்.

அதற்குப் பிறகும் ஒருவர் போகாமல் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு படலையடியில் நிற்பார். எங்கள் வட்டத்தில் அநேகமாக ஒவ்வொரு மாதமும் யாரோ ஒருவர் நிற்கிறார். அவருக்கு வட்டத்தில் சொல்ல முடியாத ஒன்று இருக்கிறது. ஆறு மணிக்குப் பிறகு வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். கேத்தலைத் திரும்ப அடுப்பில் வைத்துவிட்டு, அவரை உள்ளே வந்து இருக்கச் சொல்லுங்கள்.